வன்னியில் எங்கே தங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னிக்கு வருகிறவர்களில் பலர் கோயிலுக்கோ, காணி அலுவலுக்கோ, பிறந்த ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கோ வருகிறார்கள். ஆனால் இரவுத் தங்கலை யாழ்ப்பாணத்திலோ அநுராதபுரத்திலோ வைத்துக்கொண்டு, பகல் வெயிலில் அவசரமாக வந்து அவசரமாகத் திரும்பிவிடுகிறார்கள். வன்னியிலேயே தங்க விரும்புவோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மாவட்டங்களோடு மன்னாரின் பெருநிலப் பகுதியும் வன்னியைச் சேர்ந்தது. பெருநிலத்தில் உள்ள திருக்கேதீச்சரத்துக்கு வருவோர் பெரும்பாலும் மன்னார் நகரிலேயே தங்குவதால் அந்தத் தீவு நகரமும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளது.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகியவற்றுள் எந்த நகரத்தைத் தெரிவு செய்வது?

நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இதைத் தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தில் நடுவாகத் தெரியும் ஊரைத் தெரிவு செய்துவிட்டு எல்லாத் திசைக்கும் அங்கிருந்தே போய்வரலாம் என்று திட்டமிடுவோர், நாளின் பெரும்பகுதியை வாகனத்துக்குள்ளேயே கழிக்க நேரும்.

வவுனியா வன்னியின் தெற்கு வாசல். கொழும்பிலிருந்து வரும் ரயிலும் பேருந்தும் இங்கே நிற்கும். மன்னார், முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் ஆகிய மூன்று திசைகளுக்கும் இங்கிருந்து பேருந்து உண்டு. அறைகளும் கடைகளும் மருந்தகங்களும் தாராளமாகக் கிடைக்கும். ஆயினும் மாங்குளம் வழியாக முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர் இருப்பதால், வட்டாப்பளைக்கோ ஒட்டுசுட்டானுக்கோ வருகிறவர்களுக்கு வவுனியா அயலூர் அன்று. வந்து இறங்கும் முதல் இரவுக்கும் புறப்படும் கடைசி இரவுக்கும் அது மிகப் பொருத்தமானது.

கிளிநொச்சி, இரணைமடுக் குளத்தையும் அதை நம்பி உருவான குடியேற்றங்களையும் பார்க்க வருவோருக்கும், முறிகண்டி, பரந்தன், பூநகரிப் பக்கம் உறவினர் உள்ளோருக்கும் ஏற்ற இடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அறிவியல்நகரில் இருப்பதால், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் இந்நகரிலேயே தங்குகிறார்கள்.

முல்லைத்தீவைப் பற்றியும் மன்னாரைப் பற்றியும் கீழே விரிவாகப் பார்க்கலாம். ஊர்ப் பெயரில் ஏமாறாதிருக்க ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வவுனிக்குளம் வவுனியா நகரில் இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில், மல்லாவிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போக வேண்டியவர்கள் மாங்குளத்திலோ மல்லாவியிலோ இடம் விசாரிப்பதே சரி.

யாழ்ப்பாணத்தில் தங்கி ஒரே நாளில் வன்னியைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாதா?

முடியும். ஆனால் அப்படி வருகிறவர்கள் கண்டி–யாழ்ப்பாணப் பெருவீதியான ஏ9 வீதியை மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறார்கள். வன்னியில் காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நேரமும், மாலை நாலரைக்குப் பிறகு வரும் நேரமும்தான் வெளியே நடமாட ஏற்றவை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர் இந்த இரண்டு வேளைகளையும் பயணத்தில் செலவழித்து, உச்சி வெயிலில் குளக்கட்டில் நிற்பார்.

இன்னொரு காரணமும் உண்டு; அது எனக்கு முக்கியமானது. வன்னியின் சிறு நகரங்களில் இன்று காணப்படும் தங்குமிடங்களில் பெரும்பாலானவை போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பிறகு, எல்லாவற்றையும் இழந்து திரும்பிய குடும்பங்கள் கடன்பட்டும் வெளிநாட்டு உறவுகளின் உதவியாலும் கட்டியவை. ஓரிரவு தங்கினால் அந்தக் காசு அறை துப்புரவு செய்யும் பெண்ணுக்கும், காலைச் சாப்பாடு சமைப்பவருக்கும், ஓட்டோ ஓட்டுபவருக்கும் போய்ச் சேர்கிறது. படையினர் நடத்தும் விடுதிகளும் இப்பகுதியில் உள்ளன. ஆகவே முன்பதிவு செய்யும் முன் விடுதியை நடத்துவோர் யார் என்று கேட்டறிந்து, உங்கள் மனம் ஒப்பும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

பழைய வாடிவீடுகள் இன்னும் இருக்கின்றனவா?

பிரித்தானியர் காலத்தில் பயணிகளும் அரசு அலுவலர்களும் வாடிவீடுகளிலேயே தங்கினார்கள். ஆனையிறவு வாடிவீடு ஒல்லாந்தர் கோட்டைக்குள்ளேயே அமைந்திருந்தது. போரில் அழிந்தவை போக, அந்தப் பழைய தோற்றத்தோடு இன்று தங்கக் கிடைப்பவை மிக அரிது. பழங்காலக் கட்டடத்தில் தங்கும் அனுபவத்தைத் தேடி வருகிறவர்கள், வன்னியில் அதை எதிர்பார்க்காமல் வருவது நல்லது. இங்கே பழைமையைக் காண வேண்டிய இடங்கள் குளங்களும் கோயில்களும்தான்.

வட்டாப்பளைப் பொங்கலுக்கு வருகிறோம். எங்கே தங்குவது?

வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிற் பொங்கல், வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் திங்கட்கிழமையில் நடைபெறுகிறது. அதற்கு முந்திய திங்கட்கிழமை முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்பு நீரில் விளக்கெரிப்பார்கள். இந்த ஒரு வாரம் முழுவதும் முள்ளியவளையும் தண்ணீரூற்றும் நிரம்பி வழியும் என்பதால், பொங்கல் இரவுக்கு மட்டும் இடம் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

பொங்கல் இரவில் உங்களுக்கு அறையே தேவைப்படாது. விடிய விடிய மக்கள் கோயில் வெளியிலேயே பாய் விரித்து இருப்பார்கள். உண்மையில் அறை தேவைப்படுவது மறுநாள் காலையில்தான். நித்திரை முழித்த முதியவர்களும் குழந்தைகளும் குளித்துப் படுக்க ஓர் இடம் வேண்டும். நித்திரைக் கலக்கத்தோடு வாகனம் ஓட்டி ஊர் திரும்புவதும் ஆபத்தானது. ஆகவே திங்கள், செவ்வாய் ஆகிய இரண்டு இரவுகளுக்கும் சேர்த்து அறையைப் பேசி வையுங்கள். முல்லைத்தீவு நகரில் கிடைக்காவிட்டால் புதுக்குடியிருப்பில் கேட்டுப் பார்க்கலாம். அங்கும் இல்லையென்றால், முள்ளியவளைப் பக்கத்தில் உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பொங்கலுக்கு வந்தவரை வாசலில் நிறுத்தும் வழக்கம் அந்த ஊர்களில் இல்லை.

சில ஆண்டுகளில் பொங்கலும் மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் ஒரே கிழமைக்குள் வந்துவிடும். நினைவேந்தலுக்கு வருகிறவர்களில் பலர் அந்த மண்ணில் தங்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்தவர்கள். அந்த நாட்களில் உல்லாசமாகக் கடற்கரையில் பொழுது போக்கும் எண்ணத்தோடு முல்லைத்தீவில் அறை எடுக்க வேண்டாம் என்று மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த அறை, தூர இடத்திலிருந்து விளக்கேற்ற வரும் ஒரு தாய்க்குத் தேவைப்படலாம்.

முல்லைத்தீவில் கடற்கரையோரம் தங்கலாமா, நகருக்குள் தங்கலாமா?

மூன்று இரவுகளுக்கு மேல் தங்குவதாக இருந்தால், முதலில் நகருக்குள் தங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு கடற்கரைப் பக்கம் மாறுவதையே நான் சொல்வேன். முல்லைத்தீவு நகரம் மிகச் சிறியது; பேருந்து நிலையம், சந்தை, வங்கி, மாவட்டச் செயலகம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. வன்னியின் தமிழ்ச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் திகதி ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை இருந்ததும் இந்த நகரில்தான். அவன் தோல்வியடைந்த கற்சிலைமடுவில் நடுகல் ஒன்று உண்டு. ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயிலுக்குப் போகும்போது அதையும் பார்த்துவிடலாம்.

கடற்கரையோர விடுதிகளில் காற்றும் அமைதியும் கிடைக்கும். மாலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். ஆனால் இரவில் அங்கிருந்து வெளியே வர ஓட்டோ கிடைப்பது கடினம். இந்தக் கடல் குளிக்க எளிதான கடலும் அன்று. ஆழம் சடுதியாகக் கூடும். வாடைக்காற்றுக் காலத்தில் அலை கடுமையாக இருக்கும். எங்கே இறங்கலாம் என்று அங்குள்ள மீனவரிடம் கேட்காமல் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இந்தக் கரையோரக் கிராமங்களை வாரிக்கொண்டு போனதை ஊரார் மறக்கவில்லை. அதைப் பற்றி அவர்களாகப் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். நீங்களாகத் தூண்டித் துருவிக் கேட்க வேண்டியதில்லை.

மடுவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் போவதற்கு மன்னார் நகரில் தங்குவதா?

திருக்கேதீச்சரத்துக்கு மன்னார் நகரே பொருத்தம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலம் பெருநிலத்தில் மாதோட்டத்தில் இருந்தாலும், நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரமே. சிவராத்திரிக்கு வருகிறவர்களுக்கும் வட்டாப்பளைக்குச் சொன்னதே பொருந்தும்: இரவு முழுதும் பாலாவிக் கரையிலும் கோயிலிலும் கழியும், அறை வேண்டியது மறுநாள் பகலுக்கு.

மடு வேறு வகையானது. அது காட்டுக்குள் இருக்கும் மாதா திருத்தலம். மன்னார் நகரிலிருந்து நாளும் போய்வருவது குழந்தைகளோடு வருவோருக்குக் களைப்பைத் தரும். ஜூலை 2ஆம் திகதி ஆடித் திருவிழாவுக்கும் ஆகஸ்ட் 15ஆம் திகதி ஆவணித் திருவிழாவுக்கும் தமிழரும் சிங்களவருமாகப் பெருந்திரளான மக்கள் வந்து, திருத்தல வளவிலும் சுற்றியுள்ள காட்டு நிலத்திலும் கூடாரமடித்தும் கொட்டில் போட்டும் நாட்கணக்கில் தங்குவார்கள். திருத்தலத்தின் தங்குமிடங்களுக்கு உங்கள் பங்குத்தந்தை வழியாக முன்கூட்டியே கேட்டு வைப்பதே முறையானது. கூடாரத்தில் தங்குவோர் தார்ப்பாய், பாய், கைவிளக்கு, தண்ணீர்ப் பாத்திரம் ஆகியவற்றைத் தாங்களே கொண்டுவர வேண்டும். திருவிழா இல்லாத நாட்களில் மடுவின் அமைதியே தனி. வாய்ப்புள்ளவர்கள் அந்த நாட்களையும் எண்ணிப் பாருங்கள். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் வந்து செபித்த இடமும் இதுவே.

ரயிலில் வருகிறவர்கள் தலைமன்னார்ப் பாதையில் மடு வீதி நிலையத்தில் இறங்கலாம். வவுனியா நிலையம் யாழ்ப்பாணப் பாதையில் இருக்கிறது. இரண்டு பாதைகளும் மதவாச்சியில் பிரிகின்றன. எந்த ரயில் எந்தப் பாதையில் போகிறது என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மன்னார் நகருக்குள் எந்தப் பக்கம் அறை பார்ப்பது நல்லது?

பாலத்தைக் கடந்ததும் கோட்டை எதிர்ப்படும். போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிய அந்தக் கோட்டையிலிருந்து பேருந்து நிலையம் வரையுள்ள பகுதியில் அறை எடுத்தால், வாகனம் இல்லாதவரும் கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே போகலாம். பள்ளிமுனையில் நிற்கும் பெரிய பெருக்கமரத்தைப் பார்க்கவும் தூரமில்லை. நகருக்குள் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் நெருங்கி இருப்பதால் விடியற்காலையில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கும். இலேசாக விழித்துவிடுவோர் வீதியிலிருந்து உள்ளே தள்ளிய அறையைக் கேட்டு வாங்கலாம்.

தலைமன்னார்ப் பக்கத் தங்குமிடங்கள் மணல், பனை, கடல் ஆகியவற்றுக்காக வருவோருக்கானவை. வாகனம் இல்லையென்றால் அங்கே தங்க வேண்டாம். பறவை பார்க்க வருகிறவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வந்து நகரிலேயே தங்கினால், வங்காலைப் பறவைகள் சரணாலயத்துக்கு விடியுமுன் போய்ச்சேரலாம். இரவில் மன்னார் வீதிகளில் கழுதைகள் படுத்திருக்கும், மெதுவாக ஓட்டுங்கள்.

விடுதியா, வீட்டோடு தங்கலா, உறவினர் வீடா?

உறவினர் வீடு உண்டென்றால் ஓரிரவாவது அங்கே தங்குவதே முறை என்பது என் எண்ணம். ஆனால் அவர்கள் வீட்டு நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு அறை கொண்ட வீட்டுத்திட்ட வீட்டுக்குள் வெளிநாட்டிலிருந்து ஏழு பேர் போய் இறங்கினால், வீட்டார் முற்றத்தில் படுத்துக்கொண்டு அறையை உங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டார்கள். பெரிய குடும்பமாக வருகிறவர்கள் அருகில் அறை எடுத்துக்கொண்டு, பகலில் உறவினர் வீட்டில் இருந்து சாப்பிட்டு, இரவில் விடுதிக்குத் திரும்புவது இரு பக்கத்தாருக்கும் ஆறுதல். "வீடு இருக்க ஏன் விடுதி?" என்று மாமியோ சித்தியோ மனம் நொந்தால், முதியவருக்கு வெந்நீரும் இருக்கைக் கழிப்பறையும் தேவை என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

வீட்டோடு தங்கும் இடங்களில் வீட்டுக்காரரே சமைத்துத் தருவார். அவர்களுக்குச் சமைக்க நேரம் வேண்டும் என்பதால் இரவுச் சாப்பாட்டை மத்தியானத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சைவமா மச்சமா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஏசி அறை அவசியமா?

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருகிறவர்களுக்கு அவசியம் என்றே சொல்வேன். ஜனவரி, பெப்ரவரியில் மின்விசிறியே போதும். காலபோக நெல் அறுவடை நடக்கும் அந்தக் காலத்தில் விடியற்புறம் போர்வையும் தேவைப்படும். பல விடுதிகளில் ஒரே அறைக்கு ஏசியோடு ஒரு வாடகை, ஏசி இல்லாமல் ஒரு வாடகை என்று இருக்கும். தட்டைக் கொங்கிறீற் கூரையின் கீழுள்ள மேல்மாடி அறையை விட, மரநிழலில் உள்ள ஓட்டு வீட்டின் கீழறை இரவில் குளிர்ச்சியாக இருக்கும். மின்சாரம் தடைப்பட்டால் ஜெனரேட்டர் உண்டா என்பதையும் கேளுங்கள்.

குடிநீர் எப்படி?

இதை அலட்சியம் செய்ய வேண்டாம். மன்னார்த் தீவிலும் பூநகரியிலும் பல கிணறுகளில் சவர்த் தண்ணீர்தான் வரும். குளிக்கப் பயன்பட்டாலும் குடிக்க உதவாது. வவுனியாப் பக்கத்துக் குழாய்க்கிணற்று நீரில் கல்சியமும் சில இடங்களில் புளோரைட்டும் மிகுதி. சிறுநீரக நோய் இப்பகுதி விவசாயக் குடும்பங்களை நீண்ட காலமாக வருத்திவருகிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். கரைந்துள்ள புளோரைட்டு போகாது. சுத்திகரிப்பு இயந்திரத்தில் வடித்த நீரையோ போத்தல் நீரையோ குடியுங்கள். சில நாள் தங்குவோர் அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், ஏற்கனவே சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

நுளம்புத் தொல்லையும் மழைக்கால வெள்ளமும்?

மலேரியா இங்கே ஒரு காலத்தில் குடியேற்றங்களையே கலைத்த நோய். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் டெங்கு உண்டு. வலை தரும் அறையைத் தெரிவு செய்யுங்கள். கிழிசல் இருக்கிறதா என்று இருட்டும் முன் பாருங்கள்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கடும் வெள்ளத்தில் மூழ்கின. அந்த மாதங்களில் வருகிறவர்கள், குளம் நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடும் வான் பகுதியிலும் தாழ்ந்த வயற்கரையிலும் உள்ள இடங்களை விட்டு, ஏ9 வீதியோரத்து மேட்டு நிலத்தில் தங்குவது பாதுகாப்பானது.

இரவில் வந்து சேர்ந்தால் பிரச்சினையா?

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இல்லை. மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலும் வவுனியா–மன்னார் வீதியிலும் காட்டுப் பகுதிகளில் பொழுது சாய்ந்த பிறகு யானை கடக்கும். மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் ஆறு மணிக்குப் பிறகு அந்த வீதிகளில் புறப்பட வேண்டாம். தாமதமானால் மாங்குளத்திலோ வவுனியாவிலோ அன்றிரவு தங்கிவிட்டு விடிந்ததும் போகலாம்.

விடுதிக்கு வெளியே காட்டுப் பக்கம் நடக்கலாமா?

ஊரார் நாளும் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் நடக்கலாம். கைவிடப்பட்ட வளவு, பழைய மண்ணரண், பற்றைக்காடு ஆகியவற்றுக்குள் போகக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. மண்டையோட்டுக் குறியோடு சிவப்புப் பலகை நிற்கும் இடத்தைத் தாண்டி ஓர் அடியும் வைக்க வேண்டாம். கைவிட்டுப்போன தங்கள் காணியைப் பார்க்க வருகிறவர்கள், முதலில் கிராம அலுவலரிடம் அந்த இடம் துப்புரவாக்கப்பட்டதா என்று கேட்டறிந்த பிறகே உள்ளே இறங்க வேண்டும்.

காணி, பிறப்புப் பத்திரம் போன்ற அலுவல்களுக்கு வருகிறோம். கச்சேரி (மாவட்டச் செயலகம்) இருக்கும் நகரில் தங்கினால் போதுமா?

பெரும்பாலான அலுவல்கள் கச்சேரியில் அல்ல, உங்கள் ஊருக்குரிய பிரதேச செயலகத்திலேயே தொடங்குகின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய், பாண்டியன்குளப் பக்கத்தவர்கள் முல்லைத்தீவு நகரில் தங்கினால் மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அலைய வேண்டிவரும். அவர்களுக்கு மாங்குளமோ மல்லாவியோ கிட்ட. பொதுமக்களைச் சந்திக்கும் நாளைத் தொலைபேசியில் கேட்டறிந்து, அதற்கு முதல் நாள் மாலையே வந்து தங்குங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

பகலில் குறையில்லை. வடக்கின் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் புட்டு, இடியப்பம், தோசை, குரக்கன் பண்டங்கள் நியாயமான விலையில், கண்முன்னே சமைத்துக் கிடைக்கும். இரவில் சிறு நகரங்களில் எட்டு மணிக்குப் பிறகு கடை தேடுவது சிரமம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.

அறை எடுக்க என்ன ஆவணம் கேட்பார்கள்?

தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு. இளம் தம்பதியரிடம் திருமணப் பதிவுப் பத்திரம் கேட்கும் விடுதிகளும் உண்டு. அதன் படமொன்றைத் தொலைபேசியில் வைத்திருந்தால் வாசலில் நின்று வாதாட வேண்டி வராது.

இணையத்தில் முன்பதிவு செய்யலாமா?

வவுனியாவிலும் மன்னாரிலும் செய்யலாம். மற்ற இடங்களில் இணையத்தில் காணப்படாத நல்ல வீடுகள் பல உள்ளன. இணையத்தில் பதிந்தாலும் முதல் நாள் ஒரு முறை அழைத்து, எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வாடகை ஆளுக்கா அறைக்கா, காலைச் சாப்பாடு அதற்குள் அடங்குமா, வாகனச் சாரதிக்குப் படுக்க இடம் உண்டா என்பவற்றையும் அந்த அழைப்பிலேயே பேசிக்கொள்ளலாம். சாரதிக்கு இடம் இல்லையென்றால் அவருக்குத் தனியறை எடுத்துக் கொடுங்கள். மறுநாள் உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓடப்போகிறவர் அவர்.